இரண்டு உரிமங்களுக்கு நடுவே ஒரு சாலை



சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாகக் கோலா கெடா கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். வெயில் ஏறிவிட்டிருந்தது. பிள்ளைகள் கோட்டைச் சுவரின் நிழலில் அமர்ந்து நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்துக் கொண்டிருந்தனர். அப்போது மாணவன் ஒருவன் அங்கிருந்த பீரங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதை எந்தக் கடையில் வாங்கினார்கள்?" என்று கேட்டான். உடன் வந்த ஆசிரியர்கள் சிரித்துவிட்டனர். நானும் சிரித்தேன். அரசர் காலத்தில் கடை ஏது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி உறுத்தத் தொடங்கியது. வரலாற்றுப் பாடத்தில் போர்களைச் சொல்கிறோம். வென்றவர், தோற்றவர் பெயர்களைச் சொல்கிறோம். அந்தப் போர்க்கருவிகள் எங்கிருந்து வந்தன, யார் விற்றார்கள், எந்தக் கப்பலில் ஏற்றினார்கள் என்று நாம் சொல்வதில்லை. பத்து வயதுப் பிள்ளை கேட்டது வணிகக் கேள்வி. வரலாற்றில் பாதி அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

கோலா கெடா கோட்டை 1771க்கும் 1780க்கும் இடையில் கட்டப்பட்டது. அந்த ஆண்டுகள் கெடாவுக்கு நல்ல காலமல்ல. சிலாங்கூரிலிருந்து வந்த பூகிஸ் படையினர் நாட்டைத் தாக்கியிருந்தனர். அரச குடும்பத்திலேயே சிலர் அவர்களோடு சேர்ந்திருந்தனர். வடக்கில் சயாமின் நிழல். சுல்தான் முகமது ஜீவாவுக்கு ஆளும் தேவைப்பட்டது, ஆயுதமும் தேவைப்பட்டது. அந்த வேளையில் 1771இல் கெடா கரையில் வந்து நின்றவர் பிரான்சிஸ் லைட். பினாங்கை நிறுவியவர் என்று பாடநூலில் படிக்கிறோமே, அவரேதான். ஆனால் அப்போது அவர் ஆளுநரும் அல்லர், கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியும் அல்லர். ஜோர்டெய்ன், சல்லிவன், டி சௌசா என்ற சென்னைப்பட்டினத்து வணிக நிறுவனத்தின் முகவர்.

அன்பர்களே, இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன். சென்னைப்பட்டினம்! நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் சூலியா வணிகர்கள் துணிப்பொதிகளை ஏற்றிக்கொண்டு கெடாவுக்கு வந்து போன அதே சோழமண்டலக் கரை. அவர்கள் துணி கொண்டு வந்தார்கள் என்று பெருமையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதே கரையில் அலுவலகம் வைத்திருந்த ஆங்கில வணிகர்கள் வேறு சரக்கையும் பேரம் பேசினார்கள் என்பதை நான் ஒருபோதும் சொன்னதில்லை.

தமக்குப் படையுதவி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் சுல்தான் கோலா கெடா துறைமுகத்தையே கொடுக்க முன்வந்தார். செய்தி சென்னைக்குப் போயிற்று. 1772இல் கம்பெனி எட்வர்ட் மாங்க்டன் என்பவரைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பியது. சுல்தான் கேட்டது சிலாங்கூர் மீது போர் தொடுக்கத் துணை. கம்பெனி கொடுக்க விரும்பியது அதுவன்று. துறைமுகம் வேண்டும், வணிகம் வேண்டும், பிறர் சண்டை வேண்டா. பேச்சு முறிந்தது. வாங்குபவர் கையில் பணம் இருக்கிறது, விற்பவரிடம் சரக்கு இருக்கிறது. ஆனால் நடுவில் இருப்பவர் 'இதை அனுப்ப எங்களுக்கு உத்தரவில்லை' என்கிறார். இந்தச் சொல்லை நானும் பிற்காலத்தில் என் காதால் கேட்கப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கெடா சுல்தானுக்குக் கிடைக்காதது சயாம் மன்னருக்குக் கிடைத்தது. 1776இல் தாக்சின் மன்னருக்கு இதே லைட் 1,400 துப்பாக்கிகளைப் பிற பொருள்களோடு அனுப்பி வைத்தார். சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிச் சுடும் வகை அவை. தமிழகத்துத் தரங்கம்பாடியில் இருந்த டேனியர்களிடமும் சயாம் துப்பாக்கி கேட்டது. கைம்மாறாகக் கிடைத்தது தலாங் தீவின் ஈயம். இன்று நாம் விடுமுறைக்குப் போகும் புக்கெட் தீவுதான் அது. ஈயத்துக்குத் துப்பாக்கி, துப்பாக்கிக்கு ஈயம். கெடாவின் தலைமேல் தொங்கிய சயாமின் கையிலேயே அந்தத் துப்பாக்கிகள் போய்ச் சேர்ந்தன என்பதைப் பாடநூல் எழுதுவோர் ஒரு வரியாவது எழுதலாம்.

அடுத்து வந்த சுல்தான் அப்துல்லா, பினாங்கைக் கொடுப்பதற்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். எதிரி தரைவழியே தாக்கினால் ஆள், ஆயுதம், வெடிமருந்து ஆகியவற்றைக் கம்பெனி தரவேண்டும், செலவு சுல்தானுடையது. இலவசமாகக் கேட்கவில்லை, காசு கொடுத்தே கேட்டார். 1786 ஆகஸ்டு 11இல் பினாங்கில் கொடி ஏறியது. கம்பெனியின் உறுதிமொழி மட்டும் வரவில்லை. பொறுத்துப் பார்த்த சுல்தான் 1791இல் பிறையில் படை திரட்டினார், தோற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று ஓர் உடன்படிக்கை எழுதிக் கதையை முடித்தார்கள். 1821இல் சயாம் படை வந்தபோது கெடாவுக்கு எந்தத் துப்பாக்கியும் கடல் கடந்து வரவில்லை. கெடா சுல்தான் அடைக்கலம் தேடிப் போனதும் அந்தப் பினாங்குக்குத்தான்!

ஆக, தொடக்கக் காலத்தில் இந்தக் கடலில் துப்பாக்கிக்கு எழுதப்பட்ட சட்டம் என்று பெரிதாக எதுவும் இல்லை. யாருக்கு அனுப்புவது ஆதாயம், யாருக்கு அனுப்பாமல் இருப்பது ஆதாயம் என்ற கணக்கு மட்டும் இருந்தது. எங்கள் கோத்தா கோலா மூடாவின் மீன் சந்தையில் விலையை வாய்விட்டுக் கூவமாட்டார்கள். காதோடு காதாகச் சொல்வார்கள். பாசார் பீசிக் என்று பெயரே அப்படித்தான். அந்தக் காலத்துத் துப்பாக்கி வணிகமும் ஏறக்குறைய இதே முறையில்தான் நடந்திருக்கிறது.

விதி என்று கையில் பிடிக்கத்தக்கதாய் ஒன்று தென்படுவது லாருட் கலகத்தின் போது. 1861 முதல் 1874 வரை தைப்பிங் பகுதி ஈயச் சுரங்கங்களுக்காகக் கீ ஹின், ஹை சான் என்ற இரண்டு கூட்டத்தார் மோதிக்கொண்டனர். இரு தரப்புக்கும் துப்பாக்கி பினாங்கிலிருந்து போயிற்று. சண்டை முற்றிய பிறகு 1873இல் நீரிணைக் குடியேற்ற அரசு ஆயுத ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அதே ஆண்டில் ஆளுநர் ஓர்ட், லாருட்டின் மந்திரிக்கு மட்டும் தடையைத் தளர்த்தினார். அரசு ஏற்றுக்கொண்ட தரப்புக்குப் போகும் துப்பாக்கி சரக்கு. மற்றத் தரப்புக்குப் போனால் கடத்தல். மந்திரிக்காகக் கேப்டன் ஸ்பீடி என்பவர் இந்தியாவுக்கே சென்று நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்களையும் குரூப் பீரங்கிகளையும் கொண்டு வந்தார். 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானபோது, சீனத் தலைவர்கள் ஆயுதங்களைக் கீழே போடுவதாக 50,000 வெள்ளிப் பிணையில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

நம் முன்னோர் கப்பலேறிப் பால்மரக் காட்டுக்கு வந்தபோது, அவர்கள் விட்டுவந்த நாட்டிலும் நிலைமை மாறியிருந்தது. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் உள்ளூர் மக்கள் உரிமமின்றிச் சுடுகருவி வைத்திருப்பதைத் தடுத்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1909இல் கெடா பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு வந்தது. தோட்டத்தில் துரை பங்களாவில் துப்பாக்கி இருக்கும். லயத்தில் இருக்காது. இடையில் இருந்தவர் ஜாகா. கையில் துப்பாக்கி இருக்கும். ஆனால் அது அவருடையதன்று.

என் தந்தையார் அப்படிப்பட்ட ஒரு ஜாகாதான். ஆனால் அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1941 டிசம்பர் 8இல் சுங்கை பட்டாணி விமானத்தளத்தின் மீது குண்டு விழுந்தது முதல், 1945 இறுதியில் சப்பானியர் எதிர்ப்புப் படையினர் ஆளுக்கு 350 வெள்ளி பெற்றுக்கொண்டு ஆயுதங்களை ஒப்படைத்தது வரை, காட்டிலும் தோட்டத்திலும் நிறையத் துப்பாக்கிகள் கைமாறின. ஒப்படைத்தவை போக ஒளித்து வைத்தவையும் இருந்தன. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உரிமமின்றிச் சுடுகருவி வைத்திருப்போருக்கு மரண தண்டனை என்று அவசரகால விதிகள் கூறின.

எஸ். ஏ. கணபதி என்ற பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்திருப்பார்கள். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, இளமையில் இங்கு வந்து, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து, பின்னர் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானவர். 1949 மார்ச்சில் ரவாங் அருகே ஒரு தோட்டப் பகுதியில் கைத்துப்பாக்கியோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். வழியில் கிடைத்த அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் தரப்பு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்திய அரசு தலையிட்டுக் கேட்டும் பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்ட நாளுக்கும் தூக்குக்கும் இடையே சற்றேறக்குறைய இரண்டு மாதங்கள். அதற்கு முந்தைய நாள் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கணபதி சொன்னது உண்மையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அவருடைய அரசியலைப் பற்றிய விவாதம் வேறு. நான் பார்ப்பது அந்த வாதத்தின் வடிவத்தை. துப்பாக்கி கிடக்கும் இடம் ஒன்று. அதை ஒப்படைக்க வேண்டிய இடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு சாலை. அந்தச் சாலையில் நடந்து போகிற மனிதனைச் சட்டம் என்னவாகப் பார்க்கிறது? ஒப்படைப்பவனாகவா, வைத்திருப்பவனாகவா?

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. அதே ஆண்டில் வந்த ஆயுதச் சட்டம்தான் இன்றளவும் நம் நாட்டின் அடிப்படைச் சட்டம். சுடுகருவி வைத்திருக்க உரிமம் வேண்டும். மாநிலக் காவல்துறைத் தலைவர் கையில் அந்த அதிகாரம். விற்பவருக்குத் தனி உரிமம், பழுதுபார்ப்பவருக்குத் தனி உரிமம், இறக்குமதிக்குத் தனி அனுமதி. கடைக்காரர் வாங்கியதையும் விற்றதையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். மீறினால் 7 ஆண்டுச் சிறை, 10,000 ரிங்கிட் தண்டம், அல்லது இரண்டும். 1971இல் கூடுதல் தண்டனைச் சட்டம் வந்தது: சட்டத்துக்குப் புறம்பாகச் சுடுகருவி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். இரண்டுக்கு மேல் வைத்திருந்தால் வணிகம் செய்ததாகவே கொள்ளப்படும். 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புப் பகுதிகளுக்குக் கட்டாய மரண தண்டனையும் இருந்தது. 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அந்தத் தண்டனை விதிக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. பின்னர் மன்னிப்பு வாரியம் அதை மாற்றியது. பதினான்கு வயது! நம் பள்ளியை விட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன் போன பிள்ளையின் வயது. அந்தச் சட்டம் 2012இல் நீங்கியது. 2023 முதல் எந்தக் குற்றத்துக்கும் மரண தண்டனை கட்டாயம் என்ற நிலை இல்லை. முடிவு நீதிபதியின் கையில்.

இனி என் தந்தையார்.

தோட்டத்தில் ஜாகாவாக இருந்தபோது துப்பாக்கி தோட்டத்துடையது. அதைத் தூக்கி நடக்கும் அனுமதிச் சீட்டு மட்டும் அப்பாவின் பெயரில். வேலை முடிந்து கோத்தா கோலா மூடாவுக்குக் குடிவந்த பிறகு, தீக்காம் பத்து பக்கம் சிறு நிலம் வாங்கி வாழையும் மரவள்ளியும் போட்டார். காட்டுப்பன்றி விடவில்லை. அலைந்து திரிந்து சொந்தப் பெயரில் உரிமம் எடுத்து ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி வாங்கினார். அதை வைத்திருந்த இரும்பு அலமாரியின் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருக்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எங்கள் ஊருக்குள் வந்தபோது அவர் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது என் மகளை. இரண்டாவது அந்த உரிமப் புத்தகத்தை. அதன் ஓரங்களில் இன்றும் உப்பு நீர்க் கறை இருக்கிறது.

அப்பா மறைந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் கேட்டார், "தங்கச்சி, அலமாரியில் இருப்பதை என்ன செய்வது?" அப்போதுதான் உறைத்தது. உரிமம் ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு அன்று. ஆள் போனதும் உரிமமும் போய்விட்டது. எங்கள் வீட்டு அலமாரியில் யாருக்கும் உரிமமில்லாத ஒரு சுடுகருவி இருந்தது.

அண்ணன், சாக்கில் சுற்றிக் காரில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்விடலாம் என்றார். நல்ல எண்ணம்தான். எனக்குக் கணபதியின் நினைவு வந்தது. வழியில் சாலைத் தடுப்பு இருந்து, காவலர் காரைத் திறக்கச் சொன்னால் என்ன சொல்வது? ஒப்படைக்கத்தான் போகிறோம் என்பதை எதைக் காட்டி மெய்ப்பிப்பது? போகவேண்டாம் என்று அண்ணனைத் தடுத்தேன். தொலைபேசியில் அழைத்தோம். "கொண்டு வாருங்கள்" என்றார் ஒருவர். கொண்டுவர எங்களுக்கு உரிமம் இல்லையே என்றோம். அவர் சிரித்தார். மறுபடி அழைத்தோம், வேறொருவர், வேறொரு விடை. இறப்புச் சான்றிதழ் நகலோடு அண்ணன் நேரில் போய் மனு எழுதிக் கொடுத்த பிறகுதான் இரண்டு காவலர்கள் வீட்டுக்கு வந்து பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கி எடுத்துச் சென்றார்கள். அன்றிரவுதான் அம்மா தூங்கினார்.

அடுத்தது விற்பனை. உரிமம் பெற்ற கடைக்காரர் ஒருவர் வேறு நகரத்தில் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார். காவல்துறை ஒப்புதலும் கிடைத்தது. காவல் நிலையத்திலிருந்து கடை வரை அதை யார் கொண்டு போவது? எனக்கு உரிமம் இல்லை, என்னால் முடியாது. ஒரு கூரியர் நிலையத்தில் கேட்டேன். 'செனாப்பாங்' என்ற சொல்லைக் கேட்டதும் முகப்பில் இருந்த பெண் எழுந்து உள்ளே போய்விட்டார். வெளியே வந்த மேற்பார்வையாளர், சட்டப்படி எதுவாக இருந்தாலும் எங்கள் நிறுவன விதிப்படி எடுக்கமாட்டோம் என்றார். விரைவுப் பேருந்துக்காரர் பேச்சையே வெட்டினார். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் வேலையாளின் கையில் பிடிபட்டால் அந்த வேலையாளுக்கு யார் பதில் சொல்வது?

நம் நாட்டில் மட்டுமே இப்படி என்று எண்ண வேண்டா. துப்பாக்கி மலிந்த அமெரிக்காவிலும் இந்தச் சாலைதான் சிக்கல். கைத்துப்பாக்கியை அஞ்சலில் அனுப்ப அங்கு 1927லேயே தடை வந்தது. ஆனால் தனியார் சரக்கு நிறுவனங்களுக்கு அது பொருந்தவில்லை. 1963இல் அதிபர் கென்னடியைக் கொன்ற நீளத் துப்பாக்கி, சிகாகோ கடை ஒன்றிலிருந்து 21 டாலர் 45 சென்டுக்குப் புனைபெயரில் வரவழைக்கப்பட்டு, அஞ்சல் பெட்டி முகவரிக்குச் சாதாரணப் பொட்டலமாக வந்து சேர்ந்தது. அதே ஆள் வாங்கிய கைத்துப்பாக்கி அஞ்சலில் வரமுடியாததால் இரயில் பார்சலில் வந்தது. 1968இல் சட்டம் திருத்தப்பட்டது: மாநிலம் விட்டு மாநிலம் போகும் துப்பாக்கி உரிமம் பெற்ற வணிகரின் கைக்குத்தான் போகவேண்டும். அதன்பின் அங்கும் சரக்கு நிறுவனங்கள் சட்டத்துக்கு மேல் தத்தம் விதிகளைப் போட்டுக்கொண்டு, அனுப்புவோரை அலைக்கழிப்பதாகக் குறைகள் எழுகின்றன. அலைச்சல் கசக்கும். ஆனால் அந்த 21 டாலர் பொட்டலத்தை நினைத்தால் கூரியர் மேற்பார்வையாளர் மீது இருந்த கோபம் எனக்குப் பாதி தணிந்துவிடுகிறது. மீதிப் பாதி இருக்கத்தான் செய்கிறது. முடியாது என்று சொல்ல எல்லாரிடமும் விதி இருந்தது. அப்படியானால் எப்படி என்று சொல்ல எவரிடமும் ஒரு தாள் இல்லை.

ஏழு மாதங்கள் சென்றன. இறுதியில் கடைக்காரரே தம் பெயரில் அனுமதி எடுத்து, தம் வண்டியில் வந்து, காவல் நிலையத்திலேயே பெற்றுக்கொண்டார். பதிவேட்டில் எழுதும்போது துப்பாக்கியின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தார். அப்பாவும் ஒவ்வோர் ஆண்டும் உரிமத்தைப் புதுப்பிக்கப் போகுமுன் அந்த எண்ணை அப்படித்தான் சொல்லிப் பார்த்துக்கொள்வார். கைக்கு வந்த தொகை நாங்கள் அலைந்த பெட்ரோலுக்குச் சரியாகப் போயிற்று.

கோட்டையில் கேள்வி கேட்ட அந்த மாணவனை அண்மையில் பாசார் பீசிக் அருகே பார்த்தேன். இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான், என்னைவிட உயரம். தந்தையோடு மீன் வாங்க வந்திருந்தான். "அன்று நீ கேட்டாயே, எந்தக் கடை என்று. படித்துப் பார்த்தேன், அந்தக் காலத்துத் துப்பாக்கிப் பேரத்தில் ஒரு கடை சென்னைப்பட்டினத்தில் இருந்திருக்கிறது" என்றேன். அவனுக்கு நினைவு வரச் சற்று நேரம் பிடித்தது. பிறகு கேட்டான், "அப்படியானால் நம் தாத்தாக்கள் வந்த அதே கப்பல் வழியிலேயா, டீச்சர்?"